வானம் காட்டும், மண் சொல்லும்

விண்வெளியிலிருந்து எடுத்த நிலப்படங்களை வியந்து பார்க்கப் பழகிவிட்டோம். அவற்றை வாசிக்க எப்போது பழகப்போகிறோம்?

சஹாரா பாலைவனத்தின் மேற்கே, மவுரித்தானியா நாட்டில், உவாதான் என்ற பழைய வணிக ஊருக்கு அருகே சுமார் 40 கிலோமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் கிடக்கிறது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். குளத்தில் கல்லெறிந்ததும் விரிந்த அலைகள் அப்படியே பாறையாகிவிட்டதைப் போன்ற தோற்றம். தரையில் நிற்பவருக்கு அது ஒரு மேடு, பிறகு ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு, அவ்வளவுதான். பிரெஞ்சுப் புவியியலாளர்கள் அந்த மேடுகளில் நடந்து அதை ஆராயத் தொடங்கியிருந்தாலும், உலகம் அதை அறிந்தது 1965 ஜூன் மாதத்தில்தான். ஜெமினி 4 விண்கலத்தில் பூமியைச் சுற்றிவந்த ஜேம்ஸ் மெக்டிவிட், எட்வர்ட் ஒயிட் இருவரும் எடுத்த படங்கள் அந்த வட்டத்தை முழுமையாகக் காட்டின. ரிஷாத் என்ற அந்த நிலத்துக்குச் ‘சஹாராவின் கண்’ என்ற பெயர் நிலைத்தது. இன்று விண்வெளி நிலையத்திலிருந்து வருகிற படங்களில் மிக அதிகமாகப் பகிரப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

அந்த வட்டம் எப்படி உருவானது? படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு விடை எளிதாகத் தோன்றியது: விண்கல் விழுந்த பள்ளம். விண்கல் மோதிய இடங்களில் காணக்கூடிய, கடும் அழுத்தத்தில் உருவாகும் கோயசைட் என்ற கனிமம் அங்கே கிடைத்ததாகவும் 1960-களில் ஒரு செய்தி வந்தது. பிறகு ஆய்வகத்தில் சோதித்தபோது அது பாரைட் என்ற சாதாரணக் கனிமம் என்று தெரிந்தது. கல்லைக் கல்லாக எடுத்துப் பார்த்ததில் வேறொரு கதை விரிந்தது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பு, மேலே கிடந்த அடுக்குப்பாறைகளைக் கொப்புளம்போல உயர்த்தியது. காற்றும் நீரும் அந்தக் கொப்புளத்தின் உச்சியைக் காலங்காலமாகச் சீவின. மென்மையான அடுக்குகள் கரைந்து பள்ளங்களாயின. கடினமான குவார்ட்சைட் அடுக்குகள் வளையங்களாக எஞ்சின. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வளையங்களைப்போலத்தான் இதுவும். நடுவில் இருப்பது மிகப் பழைய பாறை. வெளியே செல்லச்செல்ல வயது குறைகிறது. விண்கல்லுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இனி இதற்கு நேர்மாறான ஒன்று, நம் நாட்டிலேயே. மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் லோணார் ஏரி இருக்கிறது. சுமார் 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டப் பள்ளம். அடியில் உப்பும் காரமும் மிகுந்த நீர். சுற்றிலும் தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறை. எரிமலைப் பாறையின் நடுவே ஒரு வட்டப் பள்ளம் என்றால் அது எரிமலை வாயாகத்தான் இருக்கும் என்றே பலர் நெடுங்காலம் எண்ணினார்கள். ஏரிப் படுகையைத் துளையிட்டு எடுத்த கற்கள் அந்த எண்ணத்தை மாற்றின. நொறுங்கிக் கலந்த பாறைத் துண்டுகளும், அதிர்ச்சி அழுத்தத்தால் கண்ணாடியாக மாறிப்போன கனிமங்களும் அவற்றில் இருந்தன. எரிமலையால் அப்படிப்பட்ட அழுத்தத்தைத் தர இயலாது. 1973-இல் வெளியான அந்த ஆய்வு, லோணாரை விண்கல் பள்ளம் என்று உறுதி செய்தது. அதன் வயதும் அப்படித்தான் திருத்தம் பெற்றது: ஒரு முறையில் சுமார் 50 ஆயிரம் ஆண்டுகள் என்று கணித்திருந்தார்கள், ஆர்கான் வாயுவின் அளவைக்கொண்டு செய்த பிந்தைய ஆய்வு சுமார் 5,70,000 ஆண்டுகள் என்றது.

இரண்டு வட்டங்கள். விண்கல் என்று நினைத்தது விண்கல் இல்லை. எரிமலை என்று நினைத்தது எரிமலை இல்லை. இந்தக் கட்டுரை சொல்லவரும் ஒரே கருத்து இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது. உயரத்திலிருந்து பார்த்தால் நிலத்தின் வடிவம் தெரியும். அந்த வடிவத்துக்கான காரணம் நிலத்தில்தான் கிடைக்கும். படம் என்பது ஒரு கேள்வி. அதையே விடையாக எடுத்துக்கொள்ளும்போது நாம் ஏமாறுகிறோம். கேள்வியைக் கேட்டுவிட்டு மண்ணில் இறங்கிப் பார்க்காமல் விடும்போது, சில வேளைகளில் உயிர்களையே இழக்கிறோம்.

கயிற்றில் இறங்கிய மனிதர்

1946 அக்டோபர் 24 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஏவப்பட்ட ஒரு வி-2 ராக்கெட், 100 கிலோமீட்டருக்கும் மேலே சென்று விண்வெளியிலிருந்து முதல் படங்களை எடுத்தது. ராக்கெட் தரையில் மோதிச் சிதறியது. எஃகுப் பெட்டிக்குள் வைத்திருந்த படச்சுருள் தப்பியது. ஆனால் பூமியை ஓர் ஒழுங்கோடு, திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் படமெடுக்கும் வேலை தொடங்கியது 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட லேண்ட்சாட் 1 செயற்கைக்கோளோடுதான். 18 நாளுக்கு ஒருமுறை அது அதே இடத்துக்கு மேலே திரும்பி வந்தது. வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த அதன் வருடிக் கருவி, கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தனித்தனியே பதிவு செய்தது.

அந்தச் செயற்கைக்கோளின் தரவுகளில் கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறு புள்ளி தென்பட்டது. தீவா, பனிப்பாறையா, கருவியின் பிழையா? படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை கிடைத்திருக்காது. 1976-இல் கனடிய நீர்வரைவியல் துறையின் பிராங்க் ஹால் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றுப் பட்டையில் அந்தப் பனி மூடிய பாறைமீது இறக்கப்பட்டார். அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஒரு பனிக்கரடி அவரை நோக்கிக் கையை ஓங்கியது. அவர் அவசரமாக மேலே இழுக்கப்பட்டார். 25 மீட்டருக்கு 45 மீட்டர் அளவேயான அந்த இடம் தீவுதான் என்பது உறுதியாயிற்று. இன்று அதன் பெயர் லேண்ட்சாட் தீவு. தொலையுணர்வுத் துறையினர் ‘களச் சரிபார்ப்பு’ என்று சொல்லும் வேலைக்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது. செயற்கைக்கோள் புள்ளியைக் காட்டியது. அது நிலம்தான் என்று சொல்ல ஒரு மனிதர் அங்கே இறங்க வேண்டியிருந்தது.

நிறம் சொல்லும் பொய்யும் மெய்யும்

விண்வெளிப் படங்களின் நிறங்களைப் பற்றி ஒரு குறை பலரும் சொல்வதுண்டு. ஆற்றுப்படுகை ஊதாவாகவும் காடு செக்கச்செவேல் என்றும் இருந்தால், அது அலங்காரம்தானே, உண்மை எங்கே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில், அந்த நிறங்கள் ஒரு மொழி என்பதுதான். பச்சை இலை, சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உணவு தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கப் படத்தில் சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். ஆகவே அந்தப் படத்தில் அடர்ந்த சிவப்பு என்றால் செழித்த தாவரம்; சிவப்பு வெளிறினால் செடி வாடுகிறது என்று பொருள். இந்தியாவின் தொலையுணர்வுத் துறை இந்த மொழியோடுதான் பிறந்தது. இஸ்ரோவின் முன்னோடிகளுள் ஒருவரான பிஷாரத் ராம பிஷாரடி, 1970 வாக்கில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேலே ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருள் கொண்ட கேமராவோடு ஆய்வு நடத்தினார். வேர்வாடல் நோய் கண்ட தென்னைகள் படத்தில் வேறு சாயலில் தெரிந்தன. அதுவே நம் நாட்டுத் தொலையுணர்வின் முதல் பாடமாகக் கருதப்படுகிறது. அங்கும் விதி ஒன்றுதான்: எந்தச் சாயல் எந்த நோய் என்பதைத் தென்னையடியில் நிற்பவர் சொன்னால்தான் படம் பேசும்.

நிறத்தைவிட நம்மை அதிகம் ஏமாற்றுவது அழகு. ஏரல் கடலின் படங்கள் அதற்குச் சாட்சி. 1960-இல் ஏறத்தாழ 68 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது அது. பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா என்ற இரு ஆறுகளையும் சோவியத் ஆட்சி திருப்பிவிட்டது. ஏரி சுருங்கி, வடக்கு தெற்கு எனப் பிளந்து, 2014-இல் தென்பகுதியின் கிழக்குப் படுகை முற்றிலும் வறண்டது. மேலிருந்து எடுத்த படங்களில் இளநீலமும் மரகதப் பச்சையும் வெண்மையும் சுழித்துக் கிடக்கும் அந்தக் காட்சியை, பின்னணி தெரியாதவர் ஓவியம் என்றே நினைப்பார். அந்த வெண்மை உப்பு. அதோடு பூச்சிமருந்து எச்சமும் கலந்த புழுதி காற்றில் எழுந்து கரையோர மக்களின் மூச்சில் போய்ச் சேர்ந்தது. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், வெயிலில் வளமிழந்து திரிந்த மலையும் காடும் எடுக்கும் கோலமாகவே சிலப்பதிகாரம் காண்கிறது. மீனவர் வாழ்ந்த நெய்தல் ஒன்று ஒரு தலைமுறைக்குள் பாலையான கதை ஏரல் கடலுடையது. நிலத்தை அங்கே வாழ்பவரோடும் அவர் தொழிலோடும் சேர்த்தே பார்த்த திணை மரபு நமக்கு இருக்கிறது. விண்வெளிப் படத்துக்கும் அந்தப் பார்வையே தேவை.

மூன்று மலைச்சரிவுகள்

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் திடீர் வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. பனியேரி உடைந்தது என்பதே முதல் நாள் பேச்சு. செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, ரோண்டி சிகரத்தின் வடமுகத்தில் ஒரு புதிய வடு தெரிந்தது. சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்திருந்தன. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தில் உண்டான வெப்பம் பனிக்கட்டியை உருக்கியதால்தான், ஏரி எதுவும் உடையாமலே வெள்ளம் உருவானது. மனிதர் எட்டமுடியாத செங்குத்துச் சரிவில் நடந்ததை உயரத்துக் கண்தான் கண்டுபிடித்தது. இங்கே வானத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி இன்னொரு பாடம். அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவந்ததைப் படங்கள் காட்டிக்கொண்டே இருந்தன. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் அறிவியலாளர்கள், அது உடையும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2013-லேயே எழுதினார்கள். 2023 செப்டம்பர் 28 அன்று அதன் பரப்பு 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4 அன்று 60.3 ஹெக்டேர். இடைப்பட்ட ஓர் இரவில், ஓரத்துப் பனிப்படிவு மண்மேடு ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துப்போனது. ஆபத்தான ஏரி எது என்று மேலிருந்து தெரிந்தது. அந்த மண்மேட்டின் உறுதியை அளக்கவும், ஏரியின் நீரைக் குறைக்கவும், கீழே இருப்பவரை எழுப்பவும் மலையில் மனிதரும் கருவியும் போதுமான அளவு இல்லை.

வயநாடு நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட படங்களின்படி, கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கிய சரிவு சுமார் 86 ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தைப் பெயர்த்தது; சேறும் பாறையும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடின. அதே இடத்தில் முன்பே ஒரு சரிவு நிகழ்ந்திருந்ததும், 2023-இல் இஸ்ரோ வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில் அது குறிக்கப்பட்டிருந்ததும் அப்போது தெரியவந்தன. இன்னொரு பக்கம், கல்பெட்டாவிலிருந்து இயங்கும் ஹியூம் மையம் ஊரூராக மழைமானிகளை வைத்து மழையை அளந்துவந்தது. ஜூலை 29 காலையிலேயே எச்சரிக்கையும் தந்தது. எந்தச் சரிவு பழுதானது என்பது வானத்தின் கணக்கில் இருந்தது. எவ்வளவு மழை இறங்கியது என்பது மண்ணின் கணக்கில் இருந்தது. இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்து, இன்ன சரிவுக்கு இவ்வளவு மழை வந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே முடிவு செய்வது அறிவியலுக்கு எட்டாத வேலை இல்லை. அதைச் செய்யும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது.

மறுப்புகளும் பதில்களும்

எல்லாவற்றையும் ஆராய வேண்டுமா, சும்மா ரசிக்கக் கூடாதா என்பது ஒரு மறுப்பு. ரசிக்கலாம்; தெரிந்து ரசித்தால் அழகு பெருகும். சாட் நாட்டின் போதேலே பள்ளத்திலிருந்து எழும் மஞ்சள் புழுதி, படத்தில் ஒரு புகைத் தீற்றல். அந்தப் பள்ளம் முன்பு ஒரு மாபெரும் ஏரியின் அடித்தளம். அந்தப் புழுதியில் இருப்பவை அதில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள். சஹாராப் புழுதியில் ஆண்டுக்குச் சுமார் 2.77 கோடி டன் அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் படுகையில் விழுகிறது. அதோடு சுமார் 22 ஆயிரம் டன் பாஸ்பரஸ் அந்தக் காட்டுக்கு உரமாகிறது. செத்துப்போன ஏரி ஒன்று கடல் கடந்து காட்டுக்கு எருவிடுகிறது என்பதை அறிந்தபின் அந்தத் தீற்றலைப் பார்ப்பவருக்கு வியப்பு குறையுமா? இந்தக் கணக்கிலும் புழுதியின் அளவைச் செயற்கைக்கோளின் லேசர் ஒளி அளந்தது. அதில் பாஸ்பரஸ் எவ்வளவு என்பதைப் போதேலேயிலும், பார்படோஸ் தீவிலும், மியாமியிலும் சேகரித்த புழுதி சொன்னது.

இரண்டாவது மறுப்பு கனமானது. மண்ணோடு வாழ்பவருக்கே மண் தெரியும். மேலிருந்து பார்ப்பவருக்கு மனிதர் தெரிவதில்லை. உயரத்துப் பார்வை என்பது ஆள்பவரின் பார்வை என்கிறார்கள். உண்மை இருக்கிறது. 1960-இல் படமெடுக்கத் தொடங்கிய அமெரிக்காவின் கொரோனா செயற்கைக்கோள்கள் வேவு பார்க்கவே ஏவப்பட்டன. ஆனால் மண்ணில் நிற்பவருக்கு எல்லாமும் தெரிந்துவிடுவதில்லை. ரிஷாத்தின் மேட்டில் நிற்பவருக்கு வளையம் தெரியாது; சமோலியில் தபோவன் நீர்மின் திட்டத்தில் வேலைசெய்தவருக்கு ரோண்டி சிகரத்தின் விரிசல் தெரியாது. உயரத்துப் பார்வை ஆள்பவரின் சொத்தாக இருப்பதுதான் கோளாறு என்றால், அதைப் பொதுவுடைமை ஆக்குவதே மருந்து. 2008-இல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தும் இலவசமாக்கப்பட்டன. அதன்பின் அவை உலகெங்கும் பன்மடங்கு பயன்பட்டன.

இனி எல்லாவற்றையும் கணினியே வாசித்துவிடும், மலையேறுவானேன் என்பது மூன்றாவது மறுப்பு. மனிதர் பார்த்துத் தீராத லட்சக்கணக்கான படங்களைக் கணினி சலித்துத் தருகிறது; அது பெரும் உதவி. ஆனால் இமயப் படங்களில் மலை நிழலும் ஏரி நீரும் ஒன்றுபோலக் கறுத்துத் தெரியும். எது நிழல், எது நீர் என்று கணினிக்குக் கற்பிப்பது, அந்த இடத்தை அறிந்தவர் குறித்துக் கொடுத்த எடுத்துக்காட்டுகள்தான். களத்தில் ஆள் குறைந்தால் கணினியின் பிழையைக் கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல்திட்டுகளின் படத்தைத் தமிழ் வாசகர் அனைவரும் பார்த்திருப்பார்கள். 2002 முதல் அந்தப் படம் மனிதர் கட்டிய பாலத்துக்கு ஆதாரம் என்று உலவியது. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தால் திட்டுகளின் வயதையோ, அதில் மனிதர் கை உண்டா என்பதையோ சொல்ல இயலாது என்று நாசா தரப்பு விளக்கியது. இந்த வரம்பு இரு தரப்புக்கும் பொருந்தும். நம்பிக்கைக்கு அந்தப் படம் சான்றாகாது, மறுப்புக்கும் ஆகாது. பவளமும் மணலும் எத்தனை ஆண்டுப் பழையவை என்பதைத் துளையிட்டு எடுத்த மாதிரிகள்தான் சொல்ல வேண்டும். ரிஷாத்தை மூழ்கிய அட்லாண்டிஸ் நகரம் என்று பரப்புவோருக்கும் பதில் இதுவே. அந்த வளையங்களில் இருப்பது இயற்கைப் பாறை; அந்த இடமும் கடல்மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. தேசியத் தொலையுணர்வு மையத்தின் ‘புவன்’ தளம் 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பள்ளிப் புவியியல் வகுப்பு சஹாராவின் கண்ணைக் காட்டுவதோடு நிற்காமல், தன் வட்டாரத்தின் படத்தையும் அச்செடுக்கட்டும். அதில் புரியாத ஒரு நிறத்தை, ஒரு வளைவை மாணவர்கள் குறித்துக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கே வாழ்பவரிடம் கேட்கட்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானலிலும் பழைய சரிவுகளின் வரைபடம் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கட்டும். பக்கத்தில் ஒரு மழைமானி இருக்கட்டும். அதைத் தினமும் படிக்க ஒருவர் இருக்கட்டும். செயற்கைக்கோளுக்குச் செலவிடும் நாடு இதற்குச் செலவிட முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை. ஏனென்றால் இந்த இரண்டாவது செலவு இல்லாமல் முதல் செலவின் பலன் மக்களை வந்துசேர்வதில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் இரண்டு இன்றும் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எட்டு நாளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்று உங்கள் ஊருக்கு மேலே வந்து போகிறது. அது எடுத்துச்செல்லும் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல, கீழே நின்று பார்க்கும் ஒருவர் உங்கள் ஊரிலும் வேண்டும்.